ஒரு நாவல்... ஒரு ஆறு... ஒரு விடுதலைப் பத்திரம்!

ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுல யாரோட பேரை எடுத்தா, டக்குனு டி.வி. சவுண்டை ஏத்துவாங்க?

நல்லா யோசிச்சுப் பாருங்க. எல்லா வீட்டுலயும் அப்படி ஒரு பேர் இருக்கும். சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிப்போன சித்தப்பா, கடன் வாங்கிட்டுக் காணாமப்போன மாமா... இப்படி யாராவது! எங்க வீட்டுல அந்தப் பேர் என் அத்தையோடது. அந்தப் பேரால நான் கோட்டயம் வரைக்கும் பஸ் ஏறிப் போய் வந்த கதையைத்தான் இப்போ சொல்லப்போறேன். நடுவுல ஒரு நாவலும் வரும். பயப்படாதீங்க... விமர்சனம்கிற பேர்ல மொக்கை போட மாட்டேன். நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செங்கல்லும் சிமென்ட்டும்தான்!

பீரோவுக்குள்ள ஒரு அத்தை!

ப்ளஸ் டூ முடிச்சு இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்காக சர்ட்டிஃபிகேட் தேடின நேரம். அப்பாவோட பீரோவைக் குடைஞ்சப்போ, சாதிச் சான்றிதழுக்கு அடியில ஒரு பழைய பத்திரம் கிடைச்சது. தலைப்பு, 'விடுதலைப் பத்திரம்'. 'விடுதலை'ன்னதும் ஏதோ சுதந்திரப் போராட்ட சமாசாரம்னு நினைச்சுப் படிச்சேன். தாத்தாவோட இளைய மகள், குடும்பச் சொத்தில் தனக்குள்ள சகல உரிமைகளையும் 'மனப்பூர்வமாக' விட்டுக்கொடுக்கிறார் என்று எழுதியிருந்தது. வருஷம் 2003. கீழே பெயர், கையெழுத்து, கம்பத்தில் ஒரு தெரு விலாசம்.

அப்பாவுக்கு ஒரு தங்கச்சி உண்டுங்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்!

அப்பத்தாகிட்ட ஓடிப்போய், "இது யாரு அப்பத்தா?"ன்னு கேட்டேன். பேரைப் பார்க்கக்கூட இல்லை. "அது யாருமில்ல. எடுத்த எடத்துல வை"ன்னு சொல்லிட்டு வெத்தலைப் பெட்டியைத் திறந்துட்டாங்க. ஹால்ல அப்பா டி.வி. சவுண்டை ஏத்தினார்.

அப்புறமா அம்மாதான் அடுப்படியில் வெச்சு, குரலைத் தாழ்த்தி மூணு வரியில் சொன்னாங்க. அத்தை வேற சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு பத்திர ஆபீஸுக்கு வரச்சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்க. அதுக்கப்புறம் அவங்க இந்த வாசலை மிதிக்கலை. அவ்வளவுதான். எங்க ஊரு சின்னமனூர். கம்பம் பஸ்ல போனா ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்துல, எனக்குத் தெரியாம எனக்கு ஒரு அத்தை!

இதுல காமெடி என்னன்னா, தமிழ்நாட்டுல 1989-லயே சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பச் சொத்துல மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்குன்னு சொல்லிட்டாங்க. நாடு முழுக்க அது வந்தது 2005-ல்தான். அதாவது சட்டம் குடுத்துடுச்சு. அதனாலதான் வீட்டுல கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது!

குடும்பம்னா இது குடும்பம்!

அதுக்கப்புறம் மதுரையில காலேஜ், ஹாஸ்டல், அரியர்னு அத்தையை மறந்தே போயிட்டேன். நாலாவது செமஸ்டர்ல என் ரூம்மேட் ஒரு புத்தகத்தைத் தூக்கிப் போட்டா. அவளுக்குச் சொந்த ஊர் கோட்டயம். "எங்க ஊர்க் கதை. படிச்சா உனக்குத் தூக்கம் வராது"ன்னா. அருந்ததி ராயோட 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்'. 1997-ல் வெளிவந்து அதே வருஷம் புக்கர் பரிசு வாங்கின நாவல்.

உண்மையைச் சொல்லிடறேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படிச்ச எனக்கு, அந்த இங்கிலீஷ் இருபது பக்கத்துல மூச்சு வாங்க வெச்சிடுச்சு. அப்புறம் லைப்ரரியில் ஜி.குப்புசாமி மொழிபெயர்த்த 'சின்ன விஷயங்களின் கடவுள்' கிடைச்சது. 2012-ல் காலச்சுவடு போட்டது. ராத்திரி பத்து மணிக்கு எடுத்தேன். மெஸ்ல இட்லி தீர்ந்துபோன பிறகுதான் கீழே வெச்சேன்.

அந்தக் குடும்பம் இருக்கே... அப்பப்பா! தாத்தா ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர். தான் கண்டுபிடிச்ச அந்துப்பூச்சிக்குத் தன் பேரை வைக்கலைங்கற ஆத்திரத்தைக் கடைசி வரைக்கும் சுமக்கிறவர். ராத்திரியானா பித்தளைப் பூச்சாடியால் மனைவியை அடிப்பார். பாட்டி வயலின் வாசிப்பாங்க, ஊறுகாய் கம்பெனி நடத்துவாங்க. சின்னப் பாட்டி பேபி கொச்சம்மா இளவயசுல ஒரு அயர்லாந்துப் பாதிரியார் மேல் ஆசைப்பட்டு, அது கைகூடாம, வயசான காலத்துல நாள் பூரா டி.வி. முன்னாடி உட்கார்ந்துடறவங்க. (டி.வி. சவுண்டுன்னதும் எனக்கு எங்க ஹால் ஞாபகம் வந்ததுல தப்பே இல்லை!) ஆக்ஸ்ஃபோர்டுல படிச்ச மாமா சாக்கோ. விவாகரத்தாகி ரெண்டு குழந்தைகளோட பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த அம்மா, அம்மு. 18 நிமிஷ இடைவெளியில் பிறந்த இரட்டையர்கள் எஸ்தா, ராஹேல்.

1969 டிசம்பர்ல லண்டன்லேர்ந்து மாமா பொண்ணு சோஃபி மோல் வர்றா. ஆற்றுல மூழ்கிச் செத்துப்போறா. அதே நாட்கள்ல, அம்முவுக்கும் வெளுத்தாங்கற தச்சருக்கும் இருக்கற காதல் வீட்டுக்குத் தெரிஞ்சுடுது. வெளுத்தா, அந்தக் குடும்பம் தொடக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்ச சாதி. போலீஸ் அவனை அடிச்சே கொல்லுது. ஏழு வயசு எஸ்தாவை ஒரே ஒரு பொய்க்குத் தலையாட்ட வைக்கிறாங்க. அந்தப் பையன் கொஞ்சம் கொஞ்சமாப் பேச்சையே நிறுத்திடறான். அம்மு வீட்டை விட்டு அனுப்பப்பட்டு, 31 வயசுல ஆலப்புழையில் ஒரு லாட்ஜ் ரூம்ல தனியாச் செத்துப்போறாங்க.

'அய்யோ, கதை பூராவும் சொல்லிட்டாளே'ன்னு திட்டாதீங்க. பெரும்பாலானதை அந்த நாவலே முதல் அத்தியாயத்துல கோடி காட்டிடுது! இடிஞ்ச கட்டடத்தை முதல்ல காட்டிட்டு, எந்த பீம்ல, என்னிக்கு முதல் விரிசல் விழுந்ததுன்னு திரும்பித் திரும்பித் தேடிக்கிட்டுப் போற கதை. எழுதினவங்க தில்லியில ஆர்க்கிடெக்சர் படிச்சவங்கன்னு தெரிஞ்சதும், 'அதானே பார்த்தேன்'னு தோணிச்சு.

மத்தவங்கல்லாம் 'விசித்திரமான குடும்பம்', 'இருட்டான கதை'ன்னு சொல்ற நாவல் அது. முடிவுல வர்ற ஒரு காட்சிக்காகவும், காதல் காட்சிகளுக்காகவும் கேரளாவுல ஆபாச வழக்கே போட்டாங்க. எனக்கு மட்டும், அதைப் படிக்கப் படிக்க, பீரோவுல இருந்த பத்திரம்தான் கண்ணு முன்னாடி வந்துக்கிட்டே இருந்தது. செமஸ்டர் லீவு விட்டதும் ரூம்மேட்கிட்ட, "உங்க ஊருக்கு வர்றேன்டி"ன்னேன்.

ரப்பர் மரமும் எலிப்பொறிச் செங்கல்லும்!

மதுரையிலிருந்து கோட்டயம் போக எங்களுக்கு வாகான வழி, தேனி, சின்னமனூர், கம்பம் வழியா குமுளி. அங்கேர்ந்து கேரளா பஸ். கம்பம் பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் வண்டி நின்னது. அந்தத் தெருப் பேர் எனக்கு மனப்பாடம். இறங்கலை. ஜன்னல் வழியா முறுக்கு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு தைரியசாலி நான்!

குமுளி தாண்டினா வண்டிப்பெரியாறு, பீர்மேடுன்னு பச்சைப் போர்வை மாதிரி டீ எஸ்டேட். குட்டிக்கானம் தாண்டி வளைஞ்சு வளைஞ்சு இறங்கும்போது காது அடைக்கும். முண்டக்கயம் வந்தா டீ போய் ரப்பர் வந்துடும். ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்புல ஒரு சிரட்டை கட்டி, கோடு கோடாக் கீறி வெச்சிருப்பாங்க. காஞ்சிரப்பள்ளி, பொன்குன்னம்னு சர்ச் கோபுரங்களா எண்ணிக்கிட்டே வந்தா, நாலு மணி நேரத்துல கோட்டயம்.

ஊருக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, களத்திப்படின்னு ஒரு ஸ்டாப். அங்கேதான் அருந்ததி ராயோட அம்மா மேரி ராய் நடத்தின 'பள்ளிக்கூடம்' இருக்கு. பேரே அதுதான்! 1967-ல் வேற பேர்ல ஆரம்பிச்ச ஸ்கூல். கட்டடங்களை டிசைன் பண்ணினவர் லாரி பேக்கர். சிவில் பசங்களுக்கு இவரைத் தெரியாம இருக்காது. செங்கல்லைப் படுக்க வைக்காம நிறுத்தி அடுக்கி, நடுவுல வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பற 'ராட் ட்ராப் பாண்ட்' முறையைக் கேரளா முழுக்கப் பரப்பினவர். செங்கல்லும் மிச்சம், வீட்டுக்குள்ள சூடும் கம்மி. பரீட்சையில அஞ்சு மார்க் கேள்வி!

ஆனா, மேரி ராய் பேரை நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது இன்னொரு காரணத்துக்காக. பழைய திருவிதாங்கூர்ல 1916-ல் போட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஒண்ணு இருந்தது. அப்பா உயில் எழுதாம இறந்தா, மகனுக்குப் போற பங்குல கால்வாசி, அல்லது 5,000 ரூபாய். ரெண்டுல எது குறைச்சலோ, அதுதான் மகளுக்கு!

கணவரைப் பிரிஞ்ச மேரி ராய், ரெண்டு குழந்தைகளோட ஊட்டியில் இருந்த தன் அப்பாவோட வீட்டுல தங்கியிருந்தப்போ, சொந்த அம்மாவும் சகோதரரும் வந்து 'வெளியே போ'ன்னாங்க. அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் தமிழ்நாட்டுல செல்லாதுங்கறதாலதான் அவங்களால அங்கே தாக்குப்பிடிக்க முடிஞ்சது. பல வருஷம் கழிச்சு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க. 1986 பிப்ரவரியில் தீர்ப்பு. அந்தச் சட்டம் 1951-லயே காலாவதியாயிடுச்சு, சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் சமபங்கு உண்டுன்னு சொன்னாங்க. 2022-ல் மேரி ராய் இறந்துட்டாங்க. அவங்களைப் பத்தி மகள் எழுதின நினைவுக்குறிப்பு 2025-ல் வந்திருக்கு.

நாவல்ல அம்முவுக்கு அந்த வீட்டுல சட்டப்படி ஒரு மூலைகூடச் சொந்தமில்லை. அது கற்பனை இல்லை ஃப்ரெண்ட்ஸ். கதை நடக்கற 1969-ல், நடைமுறையில் இருந்த நிலவரமே அதுதான்!

அம்மச்சியின் ஐயாயிரம்

ரூம்மேட் வீட்டுல அவளோட அம்மச்சிக்கு 75 வயசுக்கு மேல. கப்பக்கிழங்கும் மீன் கறியும் வெச்சுட்டு, "எதுக்கு மோளே இவ்ளோ தூரம்?"னு தமிழும் மலையாளமும் கலந்து கேட்டாங்க. புத்தகத்தைக் காட்டினேன். சிரிச்சாங்க.

"நான் படிச்சதில்ல. எங்க வீட்டுக் கதையை நான் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?"

"உங்களுக்குப் பங்கு குடுத்தாங்களா அம்மச்சி?"

"நகை போட்டாங்க. ஐயாயிரம் ரூபா குடுத்தாங்க. என் தம்பிக்கு ரப்பர்த் தோட்டம் போச்சு. கோர்ட் சொன்னப்பறம் கேட்டிருக்கலாம். கேட்டா, கிறிஸ்துமஸுக்குப் போக வீடு இருக்காதே!"

அம்மச்சி மட்டும் இல்லை. தீர்ப்பு வந்த பிறகும் நிறையப் பெண்கள் கேட்கவே இல்லை. பல அப்பாக்கள் மகள் பேரை விட்டுட்டு உயில் எழுதி வெச்சாங்க. ஒரு ஊர்ல உயில்... எங்க ஊர்ல விடுதலைப் பத்திரம். வேலை என்னவோ ஒண்ணுதான்!

இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா? கோட்டயம் சாதாரண ஊர் இல்லை. 1817-ல் தொடங்கின சி.எம்.எஸ். காலேஜ் இங்கேதான். மலையாள மனோரமாவோட தலைமையகம் இங்கேதான். 1989-ல் நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் நகரம்னு அறிவிச்சதும் இந்த ஊரைத்தான். 'அட்சர நகரி'ன்னு பட்டப்பேரே உண்டு. எழுதப் படிக்கத் தெரியாததால சொல்லாம விட்ட கதைகள் இல்லை இதெல்லாம்.

ஆறு எங்கே போச்சு?

மறுநாள் காலையில பிரைவேட் பஸ்ல அய்மனம். கோட்டயம் டவுன்லேர்ந்து மேற்கே சில கிலோமீட்டர்தான். இறங்கினா ஏமாந்துடுவீங்க. 'இதுதான் நாவல்ல வந்த இடம்'னு வரவேற்பு வளைவெல்லாம் கிடையாது. வாய்க்கால், மரப்பாலம், வயல், தென்னை, தோய்ச்ச துணி காயற முற்றங்கள். 2022-ல் கான்டே நாஸ்ட் டிராவலர் பத்திரிகை, பார்க்க வேண்டிய 30 இடங்கள்ல ஒண்ணா இந்தக் கிராமத்தைச் சேர்த்தது. அதுக்கப்புறமும் ஊர் அலட்டிக்கவே இல்லை.

நாவல்ல வர்ற வீட்டுக்கு மூலம்னு ஒரு பழைய தறவாட்டைச் சொல்றாங்க. கேட் சாத்தியிருந்தது. தனியார் வீடு. எட்டிப் பார்க்கலாம்னு ரூம்மேட் சொன்னா. எனக்கு மனசு வரலை. எங்க வீட்டு கேட்ல நின்னு, யாராவது ஒரு காலேஜ் பொண்ணு 'இதுதான் அந்த வீடா?'ன்னு எட்டிப் பார்த்தா எப்படி இருக்கும்? நேரா ஆத்துக்குப் போயிட்டோம்.

மீனச்சில் ஆறு. அந்தக் குழந்தைகள் தோணி ஏறின ஆறு. கடவுல உட்கார்ந்து காலைத் தண்ணியில விட்டேன். டிசம்பர்ங்கறதால தண்ணி அடங்கிப் பச்சையா நின்னது. ஓரத்துல ஆகாயத்தாமரை. நாவல்ல 1993-ல் ஊர் திரும்பற ராஹேல், ஆறு இளைச்சுப் போனதைப் பார்க்கறா. உப்புத்தண்ணி வராமத் தடுக்கக் கட்டின தடுப்பணைதான் காரணம்னு கதை சொல்லுது.

இங்கே என் பாடப்புத்தகம் குறுக்க வருது, மன்னிச்சுக்கங்க. பக்கத்துல வேம்பநாட்டுக் காயல்ல தண்ணீர்முக்கம்னு ஒரு இடத்துல அப்படி ஒரு தடுப்பணை நிஜமாவே இருக்கு. 1970-கள்ல கட்டினது. குட்டநாட்டுல கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையுது. கோடையில கடல்தண்ணி ஏறி வந்தா பயிர் போயிடும். அதனால வருஷா வருஷம் ஷட்டரை அடைச்சு உப்பை நிறுத்தி, ரெண்டாவது போகம் எடுக்கறாங்க. நெல் கிடைச்சது. ஆனா தண்ணி ஓட்டம் நின்னதால அழுக்கு தங்கிச்சு, ஆகாயத்தாமரை பரவிச்சு, உப்பும் நன்னீரும் கலக்கற இடத்துல வளர்ற மீனும் இறாலும் குறைஞ்சது. ஷட்டரை எப்போ திறக்கணும்னு விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் நடுவுல இன்னிக்கும் தகராறு.

கிளாஸ்ல ஸ்லூயிஸ், பேரேஜ்னு படிக்கும்போது 'எது உள்ளே வரக்கூடாது'ங்கறதைத்தான் கணக்குப் போடறோம். அடைச்சதுக்குப் பின்னாடி உள்ளே இருக்கறது என்ன ஆகும்ங்கற கணக்கு, கடைசிப் பக்கத்துல ஒரு சின்ன பாராவா இருக்கும். கடவுல உட்கார்ந்திருந்தப்போ எனக்கு எங்க அப்பத்தாதான் ஞாபகம் வந்தாங்க. 'அது யாருமில்ல'ன்னு கதவை அடைச்சுட்டாங்க. உள்ளே இருபது வருஷத்துக்கு மேலா என்ன தங்கிக் கிடக்கோ?

மதியம் குமரகம். அங்கேர்ந்து முகம்மாவுக்குப் போற அரசுப் படகுல ஏறினோம். ஹவுஸ் போட்டுக்கெல்லாம் நம்ம பாக்கெட் தாங்காது. அரசுப் படகுல அதே காயல், அதே காத்து! கரையில, பேக்கர்ங்கற ஆங்கிலேயக் குடும்பத்துக்காரர் 19-ஆம் நூற்றாண்டுல கட்டின பங்களா இருக்கு. (லாரி பேக்கருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை!) நாவல்ல வெளுத்தாவை அடிக்கற அந்தப் பாழடைஞ்ச வீட்டுக்கு இதுதான் மூலம்னு சொல்வாங்க. இப்போ அது நட்சத்திர ஹோட்டல். நாவல்லயும் அந்த வீடு கடைசியில ஹோட்டல் ஆகி, டூரிஸ்ட்டுகளுக்காகக் கதகளியைச் சுருக்கி ஆடிக் காட்டுவாங்க!

படகுல எங்க பக்கத்துல இருந்த பெரியவர், நான் தமிழ்நாடுன்னதும், "வைக்கம் பார்த்தீங்களா?"ன்னார். வைக்கமும் கோட்டயம் மாவட்டம்தான். 1924-ல், கோயிலைச் சுத்தியிருக்கற தெருவுல நடக்கற உரிமைக்காக நடந்த போராட்டத்துக்கு ஈரோட்டுலேர்ந்து பெரியார் வந்து ஜெயிலுக்குப் போனது நமக்குத் தெரியும். பத்தாங்கிளாஸ்ல ரெண்டு மார்க்குக்குப் படிச்சது. 1925-ல் கோயிலைச் சுத்தின தெருக்களைத் திறந்தாங்க, கிழக்குப் பக்கம் நீங்கலா. வெளுத்தாவோட கதை நடக்கறது அதுக்கு 44 வருஷம் கழிச்சு. தெருவுல நடக்கலாம்னு ஆகியிருந்தது. வீட்டுக்குள்ள வர முடியலை. எங்க அத்தை கல்யாணம் அதுக்கும் முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு. படகு கரை சேர்ற வரைக்கும் நான் அப்புறம் எதுவும் பேசலை.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு டிப்ஸ். அய்மனம் போகணும்னா மழை விட்ட பிறகு, டிசம்பர் வாக்கில் போங்க. கோட்டயத்துல தங்கிக்கிட்டு லோக்கல் பஸ்ல சுத்தினா செலவு கம்மி. வீடுகளை போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. நாவல்ல குழந்தைகள் சினிமா பார்க்கற 'அபிலாஷ் டாக்கீஸ்' கொச்சியில் இருக்கறதா வரும். நிஜத்துல அந்தப் பேர்ல தியேட்டர் இருக்கறது கோட்டயத்துல. தேடி அலையாதீங்க!

கம்பம் இறங்கறவங்க இறங்குங்க!

திரும்பும்போது அம்மச்சி ஒரு பாட்டில் கடுமாங்கா ஊறுகாய் குடுத்தாங்க. நாவல்லயும் ஊறுகாய் கம்பெனிதானே, பொருத்தமா இருக்குன்னு வாங்கிக்கிட்டேன். குமுளியில பஸ் மாறி சின்னமனூருக்கு டிக்கெட் எடுத்தேன். லோயர் கேம்ப், கூடலூர்... கம்பம் வந்துடுச்சு.

"கம்பம் இறங்கறவங்க இறங்குங்க!"

என் கால் எப்படி எழுந்துதுன்னு தெரியலை. பையோட இறங்கிட்டேன். "ஏம்மா, சின்னமனூர் டிக்கெட்தானே நீ?"ன்னு கண்டக்டர் கத்தினார். கையை மட்டும் ஆட்டினேன்.

தெருவைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம். பத்திரத்துல இருந்த வீட்டுல இப்போ வேற யாரோ. அவங்களே, "அந்தக்காவா? பின்னாடித் தெருவுல தையல் கடை வெச்சிருக்காங்க"ன்னு வழி காட்டினாங்க. ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் பண்ணிக்கிட்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. என்ன சொல்றதுன்னு வழி பூரா யோசிச்சு வெச்சிருந்தது எதுவும் வாயில வரலை. "சின்னமனூர்லேர்ந்து வர்றேன்"னு மட்டும் சொன்னேன்.

ஊசியைத் துணியில குத்தி வெச்சாங்க. என்னையே பார்த்தாங்க. "எங்கண்ணன் மூக்கு"ன்னாங்க.

அப்புறம் டீ வந்தது. அழுகை, கட்டிப்பிடிக்கறது எல்லாம் சினிமாவுலதான். நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் ஸ்டூலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். "அம்மாவுக்கு முட்டி வலி இப்போ தேவலையா? போன ஐப்பசியில ரொம்ப முடியலைன்னு கேள்விப்பட்டேன்"னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க ஊர்லேர்ந்து சந்தைக்கு வர்ற ஒரு காய்கறிக்கார அம்மாகிட்ட வாரா வாரம் விசாரிப்பாங்களாம். நான் இன்ஜினீயரிங் சேர்ந்தது, கணக்குல அரியர் வெச்சது வரைக்கும் தெரியுது!

"கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாமே அத்தை?"

"போட்டா அம்மா வந்து ஒரு தடவை பார்க்கும்னு சொன்னாங்க. அதான் போட்டேன்."

"வந்தாங்களா?"

அத்தை பதில் சொல்லாம ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாங்க. பாதியைக் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு, மிச்சத்தை மூடி, "இதை அம்மாவுக்குக் குடு. கடிக்க முடியலைன்னா தண்ணிச் சோத்துல பிசைஞ்சு குடு"ன்னாங்க. இதை எழுதலாமான்னு அப்புறமா போன்ல கேட்டேன். "எழுது தாயி. பேர் மட்டும் போடாத. அண்ணன் சங்கடப்படும்"னாங்க.

அந்த நாவலை 'விசித்திரமான குடும்பத்தின் கதை'ன்னு யாராவது சொன்னா, இப்போ எனக்குச் சிரிப்பு வருது. அந்த வீட்டுல நடந்ததெல்லாம் நம்ம வீடுகள்லயும் நடக்கறதுதான். ஒருத்தர் உட்கார்ந்து எழுதினதுதான் அங்கே விசித்திரம். சாவோட முடிஞ்சதால அது இருட்டான கதை ஆயிடுச்சு. எங்க வீட்டுல யாரும் சாகலை. ஒரு மணி நேர பஸ் தூரத்துல, ரெண்டு பக்கமும் உயிரோட இருக்காங்க. நாள்தான் போய்க்கிட்டே இருக்கு.

ராத்திரி அப்பத்தா தட்டுல ஊறுகாயை வெச்சேன். நாக்குல வெச்சு, "உப்பு கம்மி. ஏது?"ன்னாங்க.

"கோட்டயத்துல குடுத்தாங்க. பாதியைக் கம்பத்துல குடுத்துட்டேன் அப்பத்தா."

ஹால்ல அப்பா கையில ரிமோட். அப்பத்தா இன்னொரு துண்டை எடுத்து, தண்ணிச் சோத்துல பிசைஞ்சாங்க. ரொம்ப நேரம் பிசைஞ்சாங்க.

"நல்லாயிருக்காளா?"

அப்பா அன்னிக்கு டி.வி. சவுண்டை ஏத்தலை.